காலு காலிந்தா

கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடி தாண்டியதும்
மாங்காய் லாரிகள் நிற்கத் தொடங்கிவிடுகின்றன.
ஜூன் பிறந்தால் இப்படித்தான்.
கிளிமூக்கு மொத்தமும் சித்தூர்க் கூழ் ஆலைகளுக்கு,
ஆலைகளுக்கோ வாய் சிறிசு.
நானும் அங்கேதான் போகிறேன்
கூழில் சர்க்கரை அளக்கிற வேலைக்கு.

இரண்டு சிலிண்டர், இருநூற்றுப் பதினெட்டுக் கிலோ.
வேலூர் டாக்டர் ஒருவர்
கனடா போகும் அவசரத்தில் விற்றுவிட்டுப் போனது.
ஓட்டத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.
எண்பதைத் தொட்டால்
காற்று வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும்.
நின்றால்தான்
தன்னிடம் இருப்பதையெல்லாம் எனக்கே கொடுக்கும்.

முதலில் தொடையின் உட்பக்கம்.
அப்புறம் முட்டிக்குக் கீழே, வலப்புறம் மட்டும் கூடுதலாக.
நூற்றிரண்டு டிகிரியில் ஃபேன் விழித்துக்கொள்ளும்.
இஞ்சினைக் காப்பாற்ற வந்த ஃபேன் அது.
என்னை அதற்கு யாரும் அறிமுகப்படுத்தவில்லை.
ஆலையில் கூழைத் தொண்ணூற்றைந்தில் வைக்கிறோம்,
கிருமி சாக முப்பது நொடி போதும்.
இந்தச் சாலையில்
எனக்கு முக்கால் மணி.

சும்மா இருந்தேன் என்று சொல்ல முடியாது.
கூலன்ட் மாற்றினேன்.
இருக்கைக்கு அடியில் வெள்ளித்தாள் ஒட்டினேன்,
பிரியாணிப் பொட்டலத்தின் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது.
தடித்த ஜீன்ஸ் போட்டேன்;
சூடு உள்ளே வர நேரமானது,
வெளியே போக அதைவிட.
வித்துட்டு ஸ்கூட்டி வாங்கு என்றார் எதிர்வீட்டு ரெஜினாள்.
அதையும் கேட்டுக்கொண்டேன்.

காட்பாடி தஸ்தகீர்தான்
கண்ணாடிநார்ப் பட்டையை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு
புகைக்குழாய்க்குச் சுற்றினார்,
எலும்பு முறிந்தவனுக்குக் கட்டுப்போடுகிற நிதானத்தில்.
ரெண்டு நாள் புகையும் மேடம், பயப்படாதீங்க.
நாலு நாள் புகைந்தது.
ரயில்வே கேட்டில் ஒருவர்
என் மேல் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேவிட்டார்.

அதற்கு முன்பே பட்டுவிட்டிருந்தது கெண்டைக்காலில்,
புளியங்கொட்டை அகலத்துக்கு.
சோதனைக்கூடத்தில் லலிதம்மா குனிந்து பார்த்து
'காலு காலிந்தா?' என்றாள்.
காலா, காலில் என்ன என்றேன்.
அவள் மொழியில் காலும் அதுதானாம்
சுட்டுக்கொள்வதும் அதுதானாம்.
அப்புறம் எப்படித்தான் தப்பிப்பீர்கள் என்றேன்.
பிப்பெட்டைக் கழுவிக்கொண்டே சிரித்தாள்.

இன்று நரஹரிபேட்டைக்கு இந்தப் பக்கம்
பதினோரு மணி வெயில், அசையாத வரிசை.
சாவியைத் திருப்பினேன்.
இறங்கித் தள்ளினேன்.
லாரி ஒரு முழம் போனால் நானும் ஒரு முழம்.
கியர் போட்டு அலட்டிக்கொள்ளாத ஊர்வலம்.
பெட்ரோல் அயிப்போயிந்தா அக்கா என்று
மாங்காய்க் குவியலின் மேலிருந்து கேட்டான் கிளீனர்.
முனிகிருஷ்ணா என்றுதான் டிரைவர் அவனைத் திட்டிக்கொண்டிருந்தார்.
இல்லை என்று தலையாட்டுவதற்குள் குதித்து வந்து
பின்னாலிருந்து கை கொடுத்தான்.
பிடிக்க இடம் தேடிய கை
பட்டை அவிழ்ந்து தொங்கும் அந்த ஒரு சாண் குழாய்க்குப் போனது.

கத்தினேன்:
'காலு!'

தமிழா தெலுங்கா, எனக்கே தெரியாது.
அவன் தன் காலைப் பார்த்தான்.
இரண்டு கால், ரப்பர்ச் செருப்பு, ஒன்றும் ஆகவில்லை.
என் காலைப் பார்த்தான்.
தழும்பைப் பார்த்தான்.
அதற்கப்புறம்தான் தன் கையைப் பார்த்தான்,
குழாய்க்கு விரற்கடைத் தூரத்தில் அந்தரத்தில் நின்றிருந்த கையை.

ஓ, என்றான்.
இருக்கைக் கம்பிக்கு மாற்றிக்கொண்டான்.

முன்னால் லாரி ஒரு வண்டி நீளம் நகர்ந்தது.
ஸ்டார்ட் பண்ணுங்க அக்கா என்றான், அரைத் தமிழில்.
இன்னும் கொஞ்ச தூரம் தள்ளலாம் என்றேன்.
ஃபேன் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது
யாருக்காகவோ.